ஏழாம் மாடிக் கண்ணாடி

நில்லுங்க சார், லிஃப்ட் ஓடாது. பெருசா எழுதி ஒட்டியிருக்கேனே, பார்க்கலையா? யாரைப் பார்க்கணும்? ஒன்பதாம் மாடி ரூமா, வாடகைக்கா? யாரு அனுப்பினது உங்களை? புரோக்கர் லோகநாதனா. சரி. கார்டு இருந்தா ஒண்ணு குடுங்க. தப்பா நினைக்காதீங்க. இப்பல்லாம் வாடகைக்குன்னு சொல்லிக்கிட்டு எவனெவனோ வர்றான். வந்தவன் ரூமைப் பார்க்கமாட்டான், தூணைப் பார்ப்பான். சுவத்துல காதை வெச்சுத் தட்டுவான். வாடகைக்கு வர்றவனுக்குத் தூண்கிட்ட என்ன வேலை, சொல்லுங்க.

பேங்க் பரீட்சைக்குப் பாடம் சொல்லிக் குடுக்கிற சென்டரா? நல்லது. ஒரு நேரத்துல எத்தனை பசங்க உட்காருவாங்க? அறுபதா. பரவாயில்ல, ரூம் தாங்கும். வாங்க, ஏறலாம். மெதுவா ஏறுங்க, எனக்கும் முட்டி சரியில்ல.

நான் எத்திராஜ். இந்த நீலமேகம் பில்டிங்குக்கு நான்தான் சூப்பர்வைசர். பம்பு ஓட்டுறவனா வந்தேன், முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. பன்னெண்டு மாடிக்கும் எந்த ஸ்விட்சு எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். மொட்டை மாடியில பம்பு ரூம் பக்கத்துலதான் நானும் சம்சாரமும் குடியிருக்கோம். இந்தக் கட்டடம் போச்சுன்னா எனக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு. அதனாலதான் நான் இப்படிக் கண்கொத்திப் பாம்பா இருக்கேன். எல்லாரும் எத்திராஜுக்குச் சந்தேக புத்தின்றாங்க. இருந்துட்டுப் போகட்டும். சந்தேகப்படாதவன் எவன் சார் மவுண்ட் ரோட்டுல ஒரு சதுர அடியைக் காப்பாத்தியிருக்கான்?

இந்த மொசைக்கைப் பாருங்க. அறுபத்தி நாலுல போட்டது. ஒரு கீறல் இருக்கா? பெரிய முதலியார், நீலமேக முதலியார், தோல் ஏற்றுமதி பண்ணினவரு, பம்பாய்லேருந்து ஒரு பார்சிக்காரரைக் கூட்டிக்கிட்டு வந்து கட்டினாரு. சீமையில படிச்சவராம் அந்தப் பார்சிக்காரரு. தூணு, பலகை, படி, அவ்வளவுதான், ஒரு பூ வேலை கிடையாது, ஒரு வளைவு கிடையாது. கட்டி முடிச்சதும் ஊரே சிரிச்சுது. தீப்பெட்டியை நட்டு வெச்சுட்டான்னாங்க. முதலியார் சம்சாரம் வாசல்ல பிள்ளையாருக்கு ஒரு மாடம் கேட்டிருக்காங்க. அந்தப் பார்சிக்காரரு முடியாதுன்னுட்டாரு. அந்தம்மா விடலை. படிக்கட்டுக்கு அடியில வெச்சுட்டாங்க. நீங்க வரும்போது பார்த்தீங்களே, அவருதான். அறுபது வருஷமா படிக்கு அடியில உட்கார்ந்திருக்காரு.

அப்பல்லாம் மூணாவது மாடிக்கு மேல வாடகைக்கு ஒருத்தனும் வரலை, தெரியுமா? உயரம்னா பயம். லிஃப்ட்டு அந்துடும், காத்துல சாஞ்சிடும்னு பேச்சு. முதலியார் என்ன பண்ணினாரு? தன் நாற்காலியைத் தூக்கிப் பன்னெண்டாம் மாடியில போட்டாரு. ஒரு வருஷம் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் பார்த்தாரு. சாயங்காலம் விளக்கைப் போட்டு வெச்சுடுவாராம். பஸ்ல போறவன் வர்றவன் எல்லாம் பார்க்கணும், மேல ஒரு ஆளு உட்கார்ந்திருக்கான், ஒண்ணும் ஆகலைன்னு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு மாடியா ஆளு வந்துது. அந்த மாதிரி நம்பிக்கையில நிக்கிற கட்டடம் சார் இது.

கொஞ்சம் நில்லுங்க. மூச்சு வாங்குது. இது மூணாவது மாடி. உள்ள பார்த்தீங்களா, டிராவல்ஸ்காரங்க. முப்பது பேரு வேலை செய்யறாங்க. மேல ஆடிட்டரு, அதுக்கு மேல பல் டாக்டரு. அந்த ஒன்பதாம் மாடி ரூமைத் தவிர எல்லா மாடியிலயும் ஆளு இருக்கு. பயந்துக்கிட்டு எவனும் காலி பண்ணலை. ஏன் பண்ணலைன்னு கேளுங்க. என்னாலதான்.

மேற்குப் பக்கம் பார்த்தீங்கன்னா நட்டுக்க நட்டுக்க சிமெண்டுப் பலகை தெரியும். வெயில் மறைக்கிறதுக்காகப் பார்சிக்காரரு வெச்சது. மத்தியானம் மூணு மணிக்கு மேஜை மேல ஒரு துளி வெயில் விழாது. முதலியார் மகன் காலத்துல, தொண்ணூத்தெட்டுல, இது பழைய மாடலுன்னு சொல்லிட்டு அந்தப் பலகை மேல முழுக்க அலுமினியத் தகடு அடிச்சுட்டாங்க. நீலக் கலரு. எனக்குப் பிடிச்சிருந்துது, பொய் சொல்லக் கூடாது. இப்ப பேரன் வந்திருக்கான், கிரிதரன்னு. அமெரிக்காவுல படிச்சவன். போன வருஷம் அந்தத் தகடை எல்லாம் பிரிச்சுப் போட்டான். எதுக்குன்னா பழைய மாதிரியே ஆக்கப் போறாங்களாம். உலகத்துல எவனாவது காசு செலவு பண்ணிப் புதுசைப் பழசாக்குவானா? அப்பவே எனக்கு உறுத்திடுச்சு. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

அதுக்குன்னு ஒரு இன்ஜினியரு வந்துது. பொம்பளைப் புள்ள. ஜெசிந்தான்னு பேரு, தூத்துக்குடிப் பக்கம். முப்பது வயசு இருக்கும். சின்னச் சுத்தியலை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு தூணாத் தட்டிக்கிட்டே போச்சு. தகடுக்குப் பின்னால மழைத்தண்ணி இறங்கி இறங்கி உள்ள இருக்கிற கம்பி துரு ஏறியிருக்குன்னுது. துரு ஏறினா கம்பி ஊதுமாம், ஊதினா சிமெண்டு வெடிக்குமாம். என்கிட்ட வந்து, "அண்ணே, எனக்கு இந்தக் கட்டடம்னா உசிரு, காலேஜ்ல இதைப் பத்திதான் எழுதினேன், இதை இடிக்க விடமாட்டேன்"ன்னுது. சிரிப்புதான் வந்துது எனக்கு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். இடிக்க விடமாட்டேன்னு ஒருத்தர் வந்து சொன்னா, இடிக்கிற பேச்சு நடக்குதுன்னுதானே சார் அர்த்தம்?

போன மார்கழியில கண்ணாடி ஒட்டிச்சு. அது என்னன்னு சொல்றேன். தூணுல விரிசல் இருக்கு பாருங்க, தலைமுடி மாதிரி, அதுக்குக் குறுக்கால ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டை, விரல் நீளம், ரெண்டு முனையிலயும் பிளாஸ்டர் வெச்சு ஒட்டிடுவாங்க. மேல மார்க்கர்ல தேதியும் கையெழுத்தும் போட்டுடுவாங்க. விரிசல் மயிரிழை அகலமானாலும் கண்ணாடி உடைஞ்சிடும். உடையலைன்னா விரிசல் பழசு, பயமில்ல. இப்படிப் பதினோரு இடத்துல ஒட்டிச்சு. மாசம் ஒருக்கா ஆளு வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போவான். "அண்ணே, இதுதான் நமக்கு சாட்சி, பத்திரமாப் பார்த்துக்குங்க"ன்னு என்கிட்டதான் ஒப்படைச்சுது.

அடுத்த வாரமே கிரிதரன் போன்ல பேசறான், லிஃப்ட்டு வாசல்ல. நான் பின்னால நிக்கிறது அவனுக்குத் தெரியாது. "அந்தக் கண்ணாடி மட்டும் உடைஞ்சா போதும், எல்லாரையும் காலி பண்ணிடலாம்"ன்றான். என் காதால கேட்டேன் சார். இதுக்கு மேல என்ன வேணும்? உடைஞ்சா போதும்ங்கிறவன் உடையற வரைக்கும் காத்துக்கிட்டா இருப்பான்?

அஞ்சாவது மாடி. தண்ணி வேணுமா? இந்தாங்க, பல் டாக்டரு வாசல்ல கேன் இருக்கு, நம்ம ஆளுதான். குடிங்க.

தை மாசம், பொங்கல் கழிஞ்சு ஒரு வெள்ளிக்கிழமை. ஏழாம் மாடியில பழைய ரிக்கார்டு ரூம் இருக்கு. அங்க நடுத்தூணுல ஒட்டினது ரெண்டா உடைஞ்சு கிடக்கு. அன்னிக்குக் காலையிலதான் கிரிதரனோட ஆளு ஒருத்தன் மேல வந்துட்டுப் போயிருக்கான். ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கேன். அப்புறம் என்ன சந்தேகம்? நான் யாருகிட்டயும் மூச்சு விடலை. திருவல்லிக்கேணியில என் மச்சான் சாமி படத்துக்கு ஃபிரேம் போடற கடை வெச்சிருக்கான். அதே அளவுல, அதே கனத்துல இருபது பட்டை வெட்டி வாங்கிக்கிட்டு வந்தேன். பிளாஸ்டர் நம்மகிட்டயே இருக்கு. பழைய தேதி, அந்தப் பொண்ணோட கையெழுத்து, ஜே போட்டு ஒரு சுழி, அதையும் பார்த்துப் பழகிக்கிட்டேன். ஒட்டினேன். போட்டோ எடுக்க வந்தவன் எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அவனுக்கு என்ன தெரியும்?

அவங்க வைக்கிற வெடியை நான் சத்தம் காட்டாம எடுத்துடறேன். அவ்வளவுதான். இதுல தப்பு இருக்கா? மடியில கனமில்ல சார் எனக்கு.

மாசியில ஒண்ணும் இல்லை. அடங்கிட்டாங்கன்னு நினைச்சேன். பங்குனியில அதே தூணுல மறுபடி ஒண்ணு உடைஞ்சுது. சித்திரையில ரெண்டு. ரிக்கார்டு ரூம் சாவி ரெண்டுதான். ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு கூட்டிப் பெருக்கற வசந்தாகிட்ட. பத்தொன்பது வருஷமா இங்க வேலை செஞ்சுது. புளியந்தோப்பு. புருஷன் கிடையாது, ஒரே பொண்ணைப் படிக்க வெச்சுக்கிட்டிருந்துது. கூப்பிட்டுக் கேட்டேன். "எவ்வளவு குடுத்தாங்க உனக்கு?"ன்னேன். "இன்னாண்ணா பேசற? நான் இன்னாத்துக்குக் கண்ணாடிய உடைக்கப் போறேன்? தொடப்பம் கூட அந்தப் பக்கம் போவாது"ன்னுது. அழுதுச்சு. அழறவங்களை நம்பக் கூடாது சார். காண்ட்ராக்ட்காரன்கிட்ட சொல்லி நிறுத்திட்டேன். போகும்போது பிள்ளையார்கிட்ட நின்னு கற்பூரம் கொளுத்திட்டு, என்னைத் திரும்பிக் கூடப் பார்க்காம போச்சு. ரெண்டாவது சாவியையும் வாங்கி என் அரைஞாண்லயே கட்டிக்கிட்டேன்.

அதுக்கப்புறமும் உடைஞ்சுது.

அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, இது சாதாரண ஆளுங்க வேலை இல்ல. கள்ளச்சாவி போட்டிருக்காங்க. சரி, நீ படிச்சவன்னா நான் பட்டவன்னு, என்ன பண்ணினேன் தெரியுமா? கதவுலேருந்து தூணு வரைக்கும் தரை பூராக் கோலமாவை மெல்லிசாச் சலிச்சுவிட்டேன். ஒட்டிட்டு, சலிச்சுக்கிட்டே பின்னால நடந்து வந்து பூட்டிடுவேன். எவன் வந்தாலும் கால் பதியணும் இல்ல? மறுநாள் போய்ப் பார்த்தா கண்ணாடி உடைஞ்சிருக்கும், மாவு அப்படியே இருக்கும். ஒரு எறும்பு போன தடம் கூட இருக்கும் சார், மனுஷன் தடம் இருக்காது. எப்படிப் பார்த்தாலும் பிடிபடலை. ஜன்னல் வழியா வர்றாங்களோன்னு ஜன்னலுக்கும் பூட்டு போட்டேன். வெளிய சாரம் கட்டியிருக்காங்களே, அதுல ஏறி நீளக்குச்சியால தட்டறாங்கன்னுதான் என் கணக்கு. கெட்டிக்காரனுங்க. ஒத்துக்கணும்.

அந்தப் பொண்ணு நடுவுல ரெண்டு தடவை வந்து, "அண்ணே, ஏழாம் மாடித் தூணுல தட்டினா சத்தம் வேற மாதிரி இருக்கு, ஆனா கண்ணாடி அசையவே இல்லையே"ன்னு தலையைச் சொறிஞ்சுது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். போன மாசம் பெரிய மீட்டிங்கு. கிரிதரன், வக்கீலு, வாடகைக்காரங்க எல்லாரும். கிரிதரன் காலி பண்ணச் சொல்லணும்னு பேசறான். இந்தப் பொண்ணு எந்திரிச்சு, "ஏழு மாசமா ஒரு கண்ணாடி கூட உடையலை. விரிசல் பழசு. ஆளுங்க இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமா ரிப்பேர் பண்ணலாம், நான் எழுதிக் கையெழுத்து போட்டுத் தர்றேன்"னுது. எல்லாரும் கை தட்டினாங்க. பல் டாக்டரு ஸ்வீட்டு வாங்கிக் குடுத்தாரு. நான் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல சார். அந்தக் கைதட்டல் எனக்குத்தானே? ஒருத்தனுக்கும் தெரியாது. தெரிய வேணாம்.

ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா, அந்தப் பொண்ணு ஏன் திடீர்னு நம்ம பக்கம் பேசணும்? நல்லவ மாதிரிப் பேசி, உள்ள வந்து, பெரிய ஆப்பா வைக்கிறதுக்குத்தான். மீட்டிங் முடிஞ்சு என்கிட்ட வந்து, "ஜெயிச்சுட்டோம் அண்ணே"ன்னுது. "நீ நடிக்கறது எனக்குத் தெரியும்"னு ஆரம்பிச்சுச் சொல்லக் கூடாததெல்லாம் சொல்லிட்டேன். அப்புறம் ரெண்டு மூணு நாள் போன் பண்ணியும் திட்டினேன். இப்ப என் நம்பரை எடுக்கிறதில்ல. எடுக்க வேணாமே.

இதோ, ஏழாவது. ரெண்டே மாடிதான் பாக்கி உங்களுக்கு. இருங்க, இவ்வளவு சொன்னேன், வந்து கண்ணால பார்த்துட்டுப் போங்க. நாளைக்கு எவனாவது உங்ககிட்ட வந்து கட்டடம் ஆடுதுன்னு பயம் காட்டினா, நான் பார்த்தேன்னு நீங்க சொல்லணும். இந்த வாரம் மட்டும் மூணு தடவை உடைச்சுட்டாங்க. இன்னிக்குக் காலையில ஒன்பது மணிக்குத்தான் புதுசு ஒட்டினேன். பொறுங்க, இந்தப் பூட்டு கொஞ்சம் இறுகும்.

வாசப்படியைத் தாண்டாதீங்க, மாவு கலைஞ்சிடும். இங்கிருந்தே பாருங்க. நடுத்தூணு, இடுப்பு உசரத்துக்கு. டார்ச்சு அடிக்கறேன். தெரியுதா? முழுசா இருக்கு பாருங்க. தேதி படிக்க முடியுதா? போன மார்கழி தேதிதான், நான் எழுதினது. அந்தப் பொண்ணே பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இதைக் காப்பாத்தறதுக்காகத்தான் சார் நான்...

கேட்டீங்களா?

டிக்குன்னு. நீங்களும் கேட்டீங்க இல்ல?

டார்ச்சைப் பிடிங்க. இல்ல, அங்க அடிங்க, தூணுல. கண்ணாடியோட கீழ்ப் பாதி பேந்து தொங்குது. இப்ப முழுசா இருந்துதே. நீங்க பார்த்தீங்களே. யாரு தட்டினது? ஜன்னல் பூட்டியிருக்கு. சாரத்துல ஆளு இல்ல, இன்னிக்கு வேலைக்காரங்க லீவு. நீங்க தொடலை. நானும் தொடலை. ரெண்டு பேரும் வாசப்படியிலதானே நிக்கிறோம். மாவுல ஒரு தடம் இல்லையே சார்.

ஒரு நிமிஷம். எண்ணிப் பார்க்கறேன்.

பதினாலு சார். இதோட பதினாலு. தையில ஒண்ணு, பங்குனியில ஒண்ணு, சித்திரையில ரெண்டு, அதுக்கப்புறம் ஆறு, இந்த வாரம் இதோட நாலு. இப்ப ரெண்டு மணி நேரம் கூட நிக்கலை. ஒருத்தனும் வரலை சார். ஒருத்தனுமே வந்ததில்ல. எட்டு மாசமா இது ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு, நான் ஒவ்வொரு தடவையும் வாயை மூடியிருக்கேன். வசந்தாவை நான் என்னெல்லாம் கேட்டேன் தெரியுமா? அந்தம்மா பொண்ணு முன்னாலயே கேட்டேன்.

பயமா இருக்கு சார். மேல என் சம்சாரம் துணி காயப் போட்டுக்கிட்டிருக்கா. டிராவல்ஸ்ல முப்பது பேரு. டாக்டர்கிட்ட பேஷண்ட்டுங்க. நீங்க உங்க அறுபது பசங்களைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பீங்க. நானே சாவியைக் கையில குடுத்திருப்பேன்.

உங்க போனைக் குடுங்க. என் நம்பர்லேருந்து போனா அந்தப் பொண்ணு எடுக்காது. சொல்றேன், அடிங்க... ஒன்பது எட்டு நாலு பூஜ்யம்... இந்தாங்க, இந்தச் சீட்டுல இருக்கு, நீங்களே பார்த்து அடிங்க, எனக்கு எழுத்து தெரியலை. அடிச்சுக் குடுத்துட்டு நீங்க இறங்குங்க. ஓடாதீங்க, ஓடினா எல்லாரும் முட்டிக்குவாங்க. ஒவ்வொரு மாடியிலயும் கதவைத் தட்டி, எத்திராஜ் வெளிய வரச் சொன்னான்னு சொல்லுங்க. நான் சொன்னா வருவாங்க. என்னை நம்புவாங்க சார், அதான் பாவம். மேல் மாடியெல்லாம் நான் பார்த்துக்கறேன்.

மணி அடிக்குது. போங்க சார், நிக்காதீங்க.

ஹலோ. மேடம், எத்திராஜ் பேசறேன். வெச்சுடாதீங்க மேடம், திட்டறதுக்கு இல்ல. உங்க ஏழாம் மாடிக் கண்ணாடி பதினாலு தடவை உடைஞ்சிடுச்சு. நான்தான் மேடம் மாத்தி மாத்தி ஒட்டினேன்.